அரப்பும் அரை ஹெச்.பி. மோட்டாரும்

காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த ஒருநாள் இயற்கை வாழ்வியல் வகுப்புக்குப் போய்விட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்குப் போய் டூத்பேஸ்ட்டை எடுத்து ஒரு சாக்கில் போட்டேன். அடுத்து ஷாம்பு, சோப்பு, தரை துடைக்கிற பச்சைத் திரவம், துணி சோப்புத்தூள், கொசுவத்தி. அப்படியே சமையலறைக்குள் புகுந்து ரீபைண்டு எண்ணெய், மைதா, சர்க்கரை, சாஸ் பாட்டில்கள், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் என்று ஒன்று விடாமல் வாரினேன். சாக்கு நிறைந்துவிட்டது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகள் சோபாவில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ப்பா, ஊட்டைக் காலி பண்றமா?"

"விஷத்தைக் காலி பண்றோம் கண்ணு" என்றேன்.

இப்போது அந்த ஆளை, அன்றைக்கு அப்படிச் சொன்ன என்னை, நேரில் பார்த்தால் கன்னத்தில் ஒன்று விடுவேன். அப்போது எனக்கு என் மீது பெரிய மரியாதை இருந்தது. ஐம்பத்திரண்டு வயது, கணபதியில் சொந்தமாக ஒரு லேத் ஒர்க்‌ஷாப், பம்புக்கு வேண்டிய உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிற தொழில். முந்தின வாரம்தான் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது. டாக்டர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: நடங்கள், பேக்கரிக்குப் போவதைக் குறையுங்கள். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் தின்பதை விடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒட்டுமொத்தக் குடும்பத்தையும் திருத்துவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

அந்த வகுப்பில் மத்தியானம் வாழை இலை போட்டு சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும் பரிமாறினார்கள். அமிர்தம் என்றால் அமிர்தம். நாங்கள் அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம், முக்கால்வாசி ஆண்கள். பின்னால் கொட்டகையில் புகைக்குள் நாலைந்து பெண்கள் விடிகாலையிலிருந்து நின்று சமைத்திருக்க வேண்டும். கை கழுவப் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போனேன். கண்ணில் படவே இல்லை.

இந்த இடத்தில் என் மனைவியின் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வேலையைத்தான் நான் பணயம் வைத்தேன், வைப்பது தெரியாமலே. அவள் பி.காம். முடித்தவள். கல்யாணமான புதிதில் ஒருமுறை வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இன்னொரு முறை கேட்டாள். அப்போதும் பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. சத்தி ரோட்டில் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்கு ஆள் வேண்டும் என்று போர்டு தொங்கியதைப் பார்த்து, ஸ்கூட்டரை நிறுத்தி, உள்ளே போய்ப் பேசி, வேலையோடு வந்தாள். "திங்கக்கெழமை போறேனுங்க" என்று தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். இருபத்து மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை. நான் சாக்கைக் கையில் எடுத்த அன்றைக்கு அவள் அந்த வேலைக்குப் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பல்லு எதுல வெளக்கறதுங்க?"

"பல்பொடி இடிச்சுக்கலாம் அம்மணி. கடுக்கா, வேப்பம்பட்டை, கிராம்பு, உப்பு. அவ்ளோதான்."

"சரிங்க" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்கிற அந்தச் 'சரிங்க'வை வைத்துக்கொண்டு ஆண்கள் வீடு கட்டியிருக்கிறோம், தொழில் ஆரம்பித்திருக்கிறோம், மண்ணாகப் போயுமிருக்கிறோம். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நானோ, என் அப்பாவோ, என் பங்காளிகளோ ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நானும் அன்றைக்குச் சந்தோஷமாகக் குளிக்கப் போய்விட்டேன், சோப்பைச் சாக்கில் போட்டதை மறந்து.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. குளிக்க பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்த பொடி. தலைக்கு அரப்பு இலைப்பொடி, அதுவும் வடிகஞ்சியில் கரைத்து. துணிக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பிசைந்து, வடிகட்டின தண்ணீர். தரை துடைக்க எலுமிச்சைத் தோலும் நாட்டுச் சர்க்கரையும் தண்ணீரும் போட்டுப் புளிக்கவைத்த பாட்டில்கள், மொத்தம் பதினொன்று. அந்தப் பாட்டில்களுக்குள் காற்று சேர்ந்துவிடும் என்பதால் தினமும் காலையில் மூடியைத் திறந்து 'புஸ்' என்று விட்டு மூட வேண்டும். தின்பதற்கு பிஸ்கட்டுக்குப் பதில் கம்பு லட்டு, கச்சாயம். அரிசிக்குப் பதில் சாமை, வரகு. மிளகாய்த்தூளிலிருந்து சாம்பார்ப்பொடி வரைக்கும் வீட்டிலேயே வறுத்துத் திரிப்பது. உலகத்துக்கே வெட் கிரைண்டர் செய்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு நாங்கள் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கிரைண்டர் மேல் ஒரு மணிபிளாண்ட் செடி வளர்ந்துகொண்டிருந்தது. செடியை இறக்கிவைத்து கிரைண்டரை ஓட்டவைத்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

'ஓட்டவைத்தேன்' என்று சொல்கிறேன் பாருங்கள். ஸ்விட்ச் போர்டில் வயர் மாற்றியது நான். அரிசி ஊறவைத்து, ஆட்டி, கல்லைத் தூக்கிக் கழுவியது அவள். ஆறரைக்கு எழுந்தவள் ஐந்தரைக்கு எழுந்தாள், பிறகு ஐந்துக்கு, பிறகு நாலரைக்கு. நான் எப்போதும்போல ஆறே முக்காலுக்கு எழுந்து, பல்பொடி போட்டுப் பல் விளக்கி, துளசியும் சுக்கும் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவளிடம் சொல்வேன். அவள் அந்நேரம் பூந்திக்கொட்டை பிசைந்துகொண்டிருப்பாள். கை நுனியெல்லாம் சுருங்கிப்போய் வெள்ளையாக இருக்கும்.

பாத்திரம் கழுவ வருகிற அக்கா மட்டும்தான் வெளிப்படையாக எதிர்த்தார். பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கையில் ஊற்றி மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இதுல நொரையே வல்லியே, எண்ணெச்சட்டி எப்புடிங்க போவும்?" என்றார். அதில் இருக்கிற நன்மைகளை அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரில் பாத்திர சோப்பை முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் பாத்திரம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, பூந்திக்கொட்டையின் மகிமையைப் பற்றி நான் வாட்ஸப்பில் மூன்று குரூப்பில் எழுதினேன்.

பெருந்துறையிலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது வரகரிசி பிரியாணி போட்டோம். இங்கேயும் இந்த 'டோம்' பொய். மச்சான் இலையை வழித்து, "அருமைங்க மாப்ள, இப்புடி சாப்புட்டு எத்தன நாளாச்சு" என்றார். அவர் சம்சாரம் செய்முறையே எழுதி வாங்கிக்கொண்டது. அரைமணி கழித்து அவர்கள் நாலு பேரும் தெருமுனை பேக்கரியில் நின்று முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்ததை என் மகள் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். மச்சானின் மீசையில் பப்ஸ் தூள் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி சாப்பாட்டைக் குறை சொன்னால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்று நினைக்கிற சனங்கள். அதனால் நான் என்ன போட்டாலும் எல்லோரும் அருமைங்க, அருமைங்க என்றார்கள். நான் நம்பினேன்.

என் மகளுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. அரப்புத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று ஒருநாள் கத்தினாள். குளியலறையில் தண்ணீர் போகிற குழாய் அரப்பு அடைத்து, பிளம்பர் வந்து பச்சைச் சேறாக வாளி நிறைய அள்ளினார். சென்னிமலை பெட்ஷீட்டுகள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க பேசறீங்க, அம்மா செய்யறாங்க. மாத்திப் பாருங்க ஒரு வாரம்" என்றாள். வாய் நீளம் என்று அதட்டினேன். என் மனைவி பெட்ஷீட்டை மடித்தாள்.

இதற்குள் நாலு மாசம் ஓடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகை பிழியும்போது அவள் கைப்பிடியை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள். சந்தகை பிழிகிற மெஷின் தெரியாதவர்களுக்கு: மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு, நடுவில் ஒரு உருளை, மேலே திருகுகிற கைப்பிடி. அரிசி மாவை இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே உருளைக்குள் போட்டுத் திருகினால் அடியில் நூல் நூலாக இறங்கும். ஆறினால் கல்லாகிவிடும். பழைய காலத்தில் அதற்கு வீட்டில் வாட்டசாட்டமான ஆளைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"தோளு நெம்ப வலிக்குதுங்க" என்றாள். மொத்தம் நடந்த ஐந்து மாசத்திலும் அவள் வாயிலிருந்து வந்த ஒரே புகார் அதுதான்.

எங்கள் ஊர்க்காரனிடம் யாராவது கை வலிக்கிறது என்று சொன்னால் அவன் கையைப் பிடித்துப் பார்க்க மாட்டான். எத்தனை ஹெச்.பி. போடலாம் என்று யோசிப்பான். தொட்டிலை ஆட்ட மோட்டார், தேங்காய் துருவ மோட்டார், கோயில் மணியடிக்க மோட்டார் என்று எல்லாவற்றிலும் ஒன்றைக் கோத்துவிட்ட ஊர் இது. நான் மெஷினை மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அரை ஹெச்.பி. மோட்டார், கழித்துப் போட்டிருந்த ஒரு கியர்பாக்ஸ், நானே கடைந்த ஸ்க்ரூ, அடியில் தகட்டுப் பெட்டி. இரண்டு வாரம் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதிலேயே கிடந்தேன். பச்சை பெயிண்ட்கூட அடித்தேன். கடைசி வரை இறங்கியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற லிமிட் சுவிட்ச் ஒன்றை மட்டும் வைக்கவில்லை. தெரியாமல் இல்லை. இட்லியைப் பிழிவதற்கு எதற்கு லிமிட் சுவிட்ச் என்கிற திமிர்தான்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்து முன்னோட்டம் காட்டினேன். முதல் இரண்டு ஈடு, கண்ணால் நம்ப முடியாதபடி, பட்டு நூல் மாதிரி இறங்கியது. கைதட்டினார்கள். மூன்றாவது ஈட்டில் நான் பெருமை பேசிக்கொண்டே சுவிட்சை அணைக்க மறந்தேன். உருளை காலியாகி, ஸ்க்ரூ அடித் தட்டை அமுக்கி, தட்டு வளைந்து, 'டக்' என்று ஒரு சத்தம். ஓரத்தில் மிச்சமிருந்த மாவு மேலே பீறிட்டு ஃபேன் றெக்கையில் போய் ஒட்டியது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் கண்ணாடியிலும், காலண்டரிலும், டிவியிலும் சந்தகை.

"சூப்பருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டே.

அடித் தட்டை மாற்றி, லிமிட் சுவிட்ச் வைத்து, மறுவாரம் சரிசெய்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒருநாளும் தகராறு செய்யவில்லை. முன்பு இருபது நிமிஷம் பிழிந்தது இப்போது நாலு நிமிஷம். இதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, அதைச் சொல்ல எனக்கே அப்போது தெரியாது. பழைய மெஷினைக் குழாயடியில் போட்டு ஐந்து நிமிஷத்தில் அலசிவிடலாம். இதைக் கழுவ ஸ்பேனர் வேண்டும். ஏழு போல்ட் கழற்றி, ஸ்க்ரூவின் ஒவ்வொரு மரையிலும் காய்ந்துபோன மாவை ஊசியால் குத்தி எடுத்து, மோட்டாரில் தண்ணீர் படாமல் துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். அதைத் திங்கட்கிழமை விடியற்காலையில் என் மனைவி செய்துகொண்டிருந்தாள்.

ஐந்து மாசம் ஆகப்போகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை, ஒர்க்‌ஷாப்பில் டூல் தீட்டும்போது கண்ணாடி போடாத குற்றத்துக்கு ஒரு இரும்புத் துகள் கண்ணில் ஏறிவிட்டது. எங்கள் தொழிலில் இது சளி பிடிக்கிற மாதிரி. ஆட்டோ பிடித்து நேராக என் மனைவியின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை அந்த வாசலை நான் மிதித்ததில்லை.

ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு காதில் போன். எதிரே நாற்பது பேர். ஒரு பெரியவர் மேஜையைத் தட்டி ஏதோ சத்தம் போட்டார். "ஐயா, சொட்டு மருந்து உட்டாச்சுங்களா? அப்ப கண்ணை மூடிட்டு உக்காரோணுமுங்க. நீங்க தொறந்து தொறந்து பாத்தா உங்களுக்குத்தானுங்க லேட்டாவும்" என்றாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நர்ஸ் ஓடிவந்து "மேடம், மேடம்" என்று ஏதோ கேட்டாள். என் மனைவி தலையைத் தூக்காமலே ஒரு ஃபைலை உருவிக் கொடுத்தாள். வீட்டில் குனிந்தபடியே பார்த்துப் பழகிய ஆள். இங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு உயரமா இவள் என்று தோன்றியது.

என்னைப் பார்த்ததும் பதறினாள், ஆனால் ஒரு நொடிதான். நர்ஸைக் கூப்பிட்டு மருந்து விடச் சொன்னாள்.

"டாக்டரைப் பாத்தர்லாமா?" என்றேன்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இரும்புத்தூளுங்க. உக்காருங்க, கூப்புடறேன்."

உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே டாக்டரம்மா என் தாடையை ஒரு ஸ்டாண்டில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டுக்கொடுத்து, "ஆடக்கூடாது, பேசக்கூடாதுங்க. ஊசி முனை கிட்டத்துல இருக்குது" என்றார். அப்புறம் ஊசியைப் பிடித்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"நீங்கதானா அவங்க வீட்டுக்காரரு? இந்த மாசக் கடைசியோட நிக்கறேன்னு லெட்டர் குடுத்ததுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க. இப்புடி ஒரு ஆள் கெடைக்காதுங்க. சம்பளம் ஏத்தித் தர்றேன்னேன். அதுக்கில்லீங்க, வீட்டுல எல்லாமே கையால செய்யறோம், நேரம் பத்தலைன்னாங்க. காலைல ரெண்டு தடவ சேர்லயே தூங்கிட்டாங்க, பாவம். நல்ல விஷயம்தானுங்க நீங்க பண்றது, நான் ஒண்ணும் சொல்லல. ஆடாதீங்க."

ஆடாமல் இருந்தேன். பேசவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. டாக்டரம்மா அதைப் பஞ்சால் ஒற்றி, மருந்துனால வர்றது, சரியாயிரும் என்றார்.

சாயங்காலம் கண்ணில் கட்டோடு அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறை பின்சீட்டு. கணபதி சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டேன்.

"ஏன் அம்மணி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

"வேலைய விடறதுன்னா சொல்ல மாட்டியா?"

"சேரும்போதும் சொல்லிப்போட்டுத்தான் சேந்தேன். நீங்க இன்னொரு தோசை வேணுமுன்னீங்க." சிக்னல் விழவில்லை. அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள். "எனக்குந்தானுங்க நல்ல எண்ணெய், நல்ல மாவு எல்லாம் வேணும். உங்க சக்கரை எறங்கியிருக்குது, எனக்குச் சந்தோசந்தான். ஆனா ஒரு நாளைக்கு இருவத்தி நாலு மணி நேரந்தானுங்களே இருக்குது. எதையாச்சும் ஒண்ணை உட்டாகோணும். ஊட்டை உட முடியாது. அதனால இதை உட்டுப்போட்டேன்."

பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அந்த இடத்திலேயே இறங்கி ஓடிவிடலாம் போல அவமானமாக இருந்தது. பின்சீட்டில் கட்டுப்போட்ட கண்ணோடு எங்கே ஓடுவது.

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள் என்று சொன்னேன். "வாங்கிட்டு? நாளைக்கு யாருங்க அந்தப் பாட்டிலைத் தொறப்பா?" என்றாள். நான் செய்கிறேன், எல்லாவற்றையும், நீ எதையும் தொடாதே என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். வீராப்பாக மாவாட்டினேன், கல்லைக் கழுவினேன், சாமை உப்புமா கிண்டினேன், பதினொரு பாட்டிலையும் திறந்து மூடினேன். ஒன்பது மணிக்கு ஒர்க்‌ஷாப் போய் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள் பல்பொடி தீர்ந்துபோனது. உரலில் கடுக்காயோடு விரலையும் இடித்தேன். மூன்றாம் நாள் சந்தகை மெஷினின் ஏழு போல்ட்டையும் கழற்றினேன். நான் செய்த மெஷின், நான் கடைந்த மரை. மாவு ஒவ்வொரு மரையிலும் சிமெண்டாக இறுகியிருந்தது. ஊசியை வைத்துக் குத்திக் குத்தி, ஆறாவது மரையில் இதைச் செய்த மடையனை வாய்விட்டுத் திட்டினேன். பின்னால் நின்றிருந்த மகள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் துணி. என் ஒர்க்‌ஷாப் சட்டைகள், ஆறு. கிரீஸும் கூலண்ட் எண்ணெயும் ஊறிப்போன காக்கி. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். பிசைந்தேன். கல்லில் அடித்தேன். பிரஷ் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சட்டையை விரித்துப் பார்த்தால் கிரீஸ் அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது, என் கை மட்டும் சுத்தமாகியிருந்தது. இந்த ஐந்து மாசமும் இதே சட்டைகள் எனக்குச் சுத்தமாக, இஸ்திரி போட்டு, பீரோவில் இருந்தன. எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. பாத்திரம் கழுவ வந்த அக்கா குழாயடியில் என் கோலத்தைப் பார்த்து நின்றார். "அம்மிணி இதை ரெண்டு தடவ ஊற வெச்சு, சுடுதண்ணி ஊத்தி, மூணு தடவ அடிப்பாங்கணா. சீக்கிரமே எந்திரிச்சு. நானு சோப்புத்தூள் வேணுமான்னு கேட்டா, வேண்டாங்க்கா, அவருக்குப் புடிக்காதும்பாங்க."

ஈரச் சட்டையோடு அப்படியே நின்றேன். நாலு நாள் என்னால் தாக்குப்பிடிக்க முடியாத ஒன்றை ஐந்து மாசம் அவள் தலையில் ஏற்றியிருக்கிறேன். ஏற்றிவிட்டு, உடம்பு லேசாக இருக்கிறது என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

லுங்கியோடு தெருமுனைக் கடைக்குப் போய்ச் சோப்புத்தூள் வாங்கிவந்தேன். டூத்பேஸ்ட்டும் வாங்கினேன். கடைக்காரர், "என்னங்ணா, இயற்கை என்னாச்சுங்க?" என்றார். அது நல்லா இருக்குதுங்க, எனக்குத்தான் முடியல என்றேன்.

மிச்ச நாட்களில் என் கைக்கு எது அடங்கியதோ அதை மட்டும் வைத்துக்கொண்டேன். ரீபைண்டுக்குப் பதில் வந்த மரச்செக்கு எண்ணெய் அப்படியே இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை மாவு நான் ஆட்டுகிறேன், கல்லை நானே கழுவுகிறேன். மசாலாப் பொடி மாவு மில்லுக்குப் போகிறது, வறுப்பது நான், தீய்ப்பதும் நான். சிறுதானியம் என்னளவில், மற்றவர்களுக்கு அரிசி. அரப்பு ஞாயிற்றுக்கிழமை, விருப்பப்பட்டவர்களுக்கு. மகளுக்கு விருப்பமில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டு மறுபடி போடவில்லை. மோட்டாரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் வேறொன்றுக்குப் பூட்டிவிட்டேன். சந்தகையைக் கையால் பிழிகிறேன். தோள் வலிக்கிறது, வலிக்கட்டும்.

மாசக் கடைசி நாள் அவள் வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். லெட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பை நாலு மணிக்கே பூட்டிவிட்டு வந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். சின்ன வெங்காயம் உரித்து, சீரகம் மிளகு தட்டி, அளவுக்கு அதிகமாகக் கவனம் எடுத்து. அடுப்பை அணைத்த பிறகு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நின்றுவிட்டு வருகிறவள் என்றால் மேஜையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில், நாற்காலியில் போட்டிருந்த சின்னத் தலையணை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவாள். ஆறேகால் மணிக்கு ஸ்கூட்டர் திரும்பியது. முன்னால் டிபன் பை மட்டும் தொங்கியது. பின்னால் ஒன்றுமில்லை. நான் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க அப்புடிப் பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

கை கால் கழுவி வந்து உட்கார்ந்தாள். மகளும் வந்தாள். தட்டில் போட்டு, மேலே செக்கு நல்லெண்ணெய் ஊற்றினேன். என் மனைவி ஒரு வாய் எடுத்து மென்றாள், இன்னொரு வாய் எடுத்தாள்.

"எப்புடி இருக்குது?"

"உப்பு தூக்கலுங்க. தண்ணியும் பத்தல." அடுத்த வாய்க்கு நெய் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். "நாளைக்கு நானு எட்டு மணிக்கே போவோணும், கேம்ப் இருக்குது. ஏழரைக்கு டிபன் ரெடி பண்ணிப்போடுங்க. உப்பு பாத்துப் போடுங்க."

நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். உப்பு நிஜமாகவே தூக்கல்தான். இருபத்து மூன்று வருஷத்தில் அடுப்படியில் அவள் எனக்கு ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.